35 வெள்ளி அல்போன்சாவும் அழையாத விருந்தாளியும்

வணக்கம் மக்களே. குரல் கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று கத்திய கத்தல் அப்படி. குரங்கைப் பார்த்துக் கத்தவில்லை, என் மாமனாரைப் பார்த்துத்தான் கத்தினேன்.

பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் வீடு சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங், செகார் ரோட்டுப் பக்கம். பின்னால் பிகேஇ விரைவுச்சாலை, அதற்கு அந்தப் பக்கம் காடு. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே குரங்கு வருவதெல்லாம் சகஜம். ஆனால் சமையலறைக்குள் புகுந்து, மேடை மேல் உட்கார்ந்து, என் மாம்பழத்தில் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

சும்மா மாம்பழம் இல்லைங்க. லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தையில் வாங்கிய அல்போன்சா! பங்கனப்பள்ளிக்கே நூறு கணக்குப் பார்க்கிற ஆள் நான். கடைக்காரர் பெட்டி 38 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்றார். நான் போவது போலப் போய், திரும்பி வந்து, மறுபடி போய், 35க்கு இறக்கினேன். அந்த மூன்று வெள்ளிக்காகப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த மகாராஜா ஒரு பழத்தையாவது ஒழுங்காகத் தின்றாரா? ஒரு கடி, தூக்கிப் போடு. அடுத்த பழம், ஒரு கடி. முழுதாகத் தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அத்தை துணி காயப்போடும் கம்போடு வந்து நின்றார். மாமா அதற்கு மேல். "அனுமார் பசியோடு வந்திருக்கார்" என்று வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கேதான் என் தொண்டை போனது. இங்கே காட்டு விலங்குக்குத் தீனி கொடுத்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், 2020லிருந்து. "அனுமாருக்குமா?" என்கிறார். ஆமாம் மாமா, அனுமாருக்கும்தான்.

சரி, எப்படி அனுப்பினேன்? அறைக்கதவுகளைச் சாத்தினேன். ஜன்னலை அகலத் திறந்துவிட்டேன். அத்தையிடமிருந்து கம்பை வாங்கி வைத்தேன். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, பல்லைக் காட்டவும் கூடாது. நமக்குச் சிரிப்பு, அதற்கு அது மிரட்டல். வழியை மறிக்காமல் தள்ளி நின்றோம், தானே போய்விட்டது. போகும்போதும் கையில் ஒரு மாம்பழம்!

ஐயோ, நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அது போவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பையும் கையுமாக உள்ளே வந்தார். பையில் சலவைத்தூள். அதற்கு என்ன தெரியும்? பை என்றாலே சாப்பாடு என்று பழகிய குரங்கு, மேடையை விட்டு இறங்கிவிட்டது. நல்லவேளை, மனிதர் பையை வெளியே வைத்துக் கதவைச் சாத்தினார்.

குரங்கின் மேல் எனக்குக் கோபமில்லை. காட்டுக்குக் குறுக்கே சாலை போட்டது நாம். 2013இல் விலங்குகள் கடக்க அதே பிகேஇக்கு மேலே பாலம் கட்டியதும் நாம். என் எரிச்சலெல்லாம் கீழே காலையில் ரொட்டி வீசுகிறாரே ஒருவர், அவர் மேல்தான். காட்டில் பழமும் பூச்சியும் தேடித் தின்கிற பிராணிக்கு உட்கார்ந்த இடத்தில் ரொட்டி கிடைத்தால் மாடியேறாமல் என்ன செய்யும்? இனி அவரைப் பார்த்தால் நேராகத் தேசியப் பூங்காக் கழகத்துக்குத்தான் போன்.

ஜன்னலுக்கு வலை போட ஆள் விசாரித்தேன். 280 வெள்ளியாம். எட்டுப் பெட்டி அல்போன்சா! 250க்கு வரச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.