ஐந்து விரல் நீளத்து ஓஸ்

வணக்கம். நாற்பது வருடமாகப் போட் இன்ஜினுக்கு அடியில் படுத்துக்கிடந்தவன் நான். மைக்கைப் பார்த்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன வேலை பார்க்க வேண்டும் என்று பேசக் கூப்பிட்டார்கள். இன்ஜினைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஓஸ் பற்றிப் பேசப்போகிறேன். ஆமாம், போட்டிலிருந்து தண்ணீர் வடிகிற ரப்பர்க் குழாய், அந்த ஓஸ்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கரையில் ஏறி நிற்கும். நாகப்பட்டினத்தில் கடுவையாற்றங்கரைப் பக்கம் போனால் பெயிண்ட் வாசம் மூக்கைத் துளைக்கும். நீலம், பச்சை, பெயர் எழுதுகிறவர், பூ வரைகிறவர் என்று திருவிழாதான். நான் குறை சொல்லவில்லை, போட் லட்சணமாக இருக்க வேண்டும். ஆனால் அதே போட்டின் பின்பக்க மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் மாட்டிய ஓஸ் அப்படியே கிடக்கும். கேட்டால், "அண்ணே, அது ஒழுகவே இல்லையே" என்பார்கள். ஒழுகுகிறதா என்று பார்த்து மாற்றுகிற சாமான் அல்ல அது.

ஒரு கதை சொல்கிறேன். கஜா புயலுக்கு முந்தின வருடம், 2017. தெரிந்தவர் ஒருவருடைய போட், பழைய ஃபைபர் போட். தளத்தில் அடிக்கிற அலைத்தண்ணீரும் மீன் கழுவுகிற தண்ணீரும் பின்பக்க ஓட்டை வழியாக இறங்கி, ஒன்றரை அங்குல ஓஸில் போய், பக்கவாட்டில் கடலுக்கு வெளியேறும். எல்லாப் போட்டிலும் இப்படி இருக்காது. பல போட்டுகளில் தண்ணீர் தளத்து ஓரத்து ஓட்டை வழியாக நேராகவே கொட்டிவிடும். இந்தப் போட்டில் ஓஸ். அதன் வெளிவாய் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. "மேலேதானே இருக்கிறது, என்ன ஆகிவிடும்" என்று அவருக்கும் எண்ணம், எனக்கும் எண்ணம்.

நவம்பர் மாதம், நல்ல மழை. விடிந்தால் தொழிலுக்குப் போகவேண்டும். டீசல் நிரப்பியாயிற்று, ஐஸ் ஏற்றியாயிற்று, குடிதண்ணீர், வலை எல்லாம் ஏற்றியாயிற்று. இவ்வளவு ஏறினால் போட் என்ன செய்யும்? பின்பக்கம் அமுங்கும். ஒரு சாண் மேலே இருந்த வாய் இப்போது தண்ணீருக்குள்ளே. நான் சொல்லவருவது இதுதான், இன்னொரு தடவையும் சொல்கிறேன்: காலிப் போட்டில் மேலே இருக்கிற வாய், சரக்கு ஏறினால் கீழே போய்விடும். கரையில் ஏற்றி வைத்துப் பார்க்கும்போது அது தெரியவே தெரியாது.

காவலுக்குப் படுத்திருந்த தம்பி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறான். தண்ணீர்ச் சத்தம் கேட்டு அல்ல, மழையில் அது கேட்காது. கட்டுக்கயிறு முறுக்கிக்கொண்டு கிறீச் கிறீச்சென்று கத்தியிருக்கிறது. இறங்கி மூடியைத் திறந்தால் இன்ஜின் பாதி முழுகிக் கிடக்கிறது. பக்கத்துப் போட்காரர்கள் பம்பு கொண்டுவந்து இறைத்ததால் போட் பிழைத்தது. டைனமோ, ஸ்டார்ட்டர், பேட்டரி, எல்லாம் போயிற்று.

விடிந்ததும் நான் போய்ப் பார்த்தேன். வெளிவாயில் ஓஸை இறுக்கிப் பிடிக்க மாட்டியிருந்த கிளிப்பின் திருகு இற்று இரண்டாக முறிந்து, ஓஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிளிப்பை மாட்டியது யார் தெரியுமா? நான்தான். அதே வருடம் தடைக்காலத்தில், புத்தம்புதுக் கிளிப். ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை.

இதில் என் தப்பு இரண்டு. ஓஸ் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. இறுகின ஓஸ் கிளிப்புக்குப் பிடி கொடுக்காது. பிடிக்கவில்லையே என்று நான் இன்னும் இரண்டு சுற்று முறுக்கினேன். அது ஒன்று. இன்னொன்று கிளிப். பட்டை பளபளவென்று எவர்சில்வர்தான், திருகு மட்டும் சாதா இரும்பு. உப்புத்தண்ணீரில் அது எத்தனை நாளைக்கு நிற்கும்?

அன்றிலிருந்து என் சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கிறது. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் உடைத்து எடுத்தது. கடையில் கிளிப் வாங்கும்போது பட்டையில் ஒரு தடவை, திருகில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பேன். திருகில் டக்கென்று ஒட்டிக்கொண்டால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். "உப்புத்தண்ணீருக்குத் தாங்குகிற எவர்சில்வர், 316 கிரேடு கொடுங்கள், திருகும் அதிலேயே வேண்டும்" என்று கேளுங்கள்.

சரி, ஓஸை எப்படிப் பார்ப்பது? கையால்தான். கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல ஓஸ் அமுங்கித் திரும்ப எழும்பும். அமுங்கவே இல்லையென்றால் இறுகிவிட்டது. கொழகொழவென்று அமுங்கினால் டீசல் பட்டு ஊறிவிட்டது. விரலில் கறுப்பு மை மாதிரி ஒட்டினால் ரப்பர் செத்துவிட்டது. வளைவில் நகத்தால் கீறிப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். கம்பி வைத்த ஓஸில் துருக்கறை தெரிந்தால் உள்ளே கம்பிக்குத் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். கிளிப்புக்கு அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை நீட்டிப் பாருங்கள்.

கழற்றும்போது பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் வெளிவாய்க் குழாயே ஆடிவிடும். ஓஸை நீளவாக்கில் கத்தியால் கீறி, வாழைப்பட்டையை உரிப்பதுபோல உரித்தெடுங்கள். கத்தி உள்ளே இருக்கிற குழாயில் படக்கூடாது. அந்தக் குழாய் பித்தளையா, அப்படியானால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் போய்ச் செம்பு மாதிரி சிவந்திருந்தால் உப்புத்தண்ணீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டது. தட்டினால் பிஸ்கட் மாதிரி உதிரும். அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

புது ஓஸ் ஏறவில்லையென்றால் கிரீஸ் தடவுவார்கள், டீசல் தடவுவார்கள். இரண்டும் வேண்டாம். ஓஸ் முனையைக் கொதித்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி, சோப்புத்தண்ணீர் தடவுங்கள், தானாக ஏறும். அப்புறம், உள்ளே பார்க்கலாம் என்று கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஓஸ் வாங்குகிறார்கள். இன்ஜின் அறைச் சூட்டில் அது இளகி மடங்கிவிடும். கம்பி வைத்த கடல்வேலை ஓஸே வாங்குங்கள். வழியில் தொய்வு இருக்கக்கூடாது. தொய்ந்த இடத்தில் மீன் செதிலும் இறால் தலையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு கிளிப் போடுவது நல்லது, ஆனால் குழாயில் இரண்டுக்கும் இடம் இருந்தால்தான். இல்லையென்றால் இரண்டாவது கிளிப் வெறும் ஓஸை நெரித்து அறுத்துவிடும்.

இந்த ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் என்று. பம்பு, வால்வு என்று நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். சரி, ஒரு கணக்கு மட்டும். ஒன்றரை அங்குல ஓட்டை தண்ணீர் மட்டத்துக்கு ஓரடி கீழே இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் உள்ளே வரும். அதாவது ஆறேழு குடம். ஒரு மணி நேரத்தில் ஆறு டன். அதுவும் போட் அமுங்க அமுங்க வேகம் கூடும். உங்கள் பம்பு அந்த அளவுக்கு இறைக்குமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்வு பற்றி இன்னொரு நாள் பேசலாம். தச்சரிடம் சொல்லி, ஒவ்வொரு வெளிவாய்க்கும் அளவாக, கேரட் மாதிரி கூம்பாக, மென்மையான மரத்தில் ஒரு கட்டை சீவச் சொல்லுங்கள். பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், ராத்திரியில் தேட முடியாது. அந்தந்தக் குழாயிலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஓஸ் கழன்றால் கட்டையைச் செருகி ஒரு அடி அடித்தால் தண்ணீர் நின்றுவிடும். நேரம் முடிந்துவிட்டதாம், வணக்கம்.