முகம் பார்க்க நிமிடக் கட்டணம்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், பேரன் முகத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுத்தான் ராத்திரி படுக்கப் போவார்கள். ஒரு மணி நேரம் பேசினாலும் யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை. அதே அமெரிக்காவில், உள்ளூர் ஜெயிலில் இருக்கும் மகனைத் திரையில் பார்க்க ஒரு தாய் நிமிடக் கணக்கில் பணம் கட்டுகிறாள். நிமிடத்துக்கு ஒரு டாலருக்கு மேல் வாங்கிய இடங்களும் உண்டு.

ஜெயில் என்றதும் தண்டனைக் கைதி என்று நினைத்துவிடாதீர்கள். கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதியின் ஜெயில்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் தொகை கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்கள் அவர்களில் ஏராளம். அந்த வீட்டில் எவ்வளவு பணம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, இந்த விலை எப்படி வருகிறது? ஜெயில்களுக்குப் போன், வீடியோ அழைப்பு வசதி தரும் செக்யூரஸ் என்று ஒரு நிறுவனம். ஜிடிஎல் என்று இருந்து வயாபாத் என்று பெயர் மாற்றிக்கொண்ட இன்னொன்று. சந்தையில் பெரும்பகுதி இந்த இரண்டின் கையில். எந்த ஜெயிலுக்கு யார் என்பதை அந்தந்த நிர்வாகம் தீர்மானிக்கிறது. வசூலில் அந்த நிர்வாகத்துக்கும் ஒரு பங்கு போவது நெடுநாள் வழக்கம். பங்கு கூடக் கூடக் கட்டணமும் கூடும். பேரம் பேசுகிறவர்கள் இரண்டு பேர், பணம் கட்டுகிறவள் மூன்றாமவள். இதைத் திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் நான் எப்போதும் சொல்லும் பெயர் மார்த்தா ரைட். வாஷிங்டன் நகரத்துப் பாட்டி. பேரன் சிறைக்குப் போனான். அவனை வெளி மாநிலங்களில் இருந்த தனியார் சிறைகளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பாட்டிக்குப் பார்வை போய்விட்டது. கடிதம் படிக்க முடியாது. அவ்வளவு தூரம் போகவும் முடியாது. மிச்சம் இருந்தது போன் மட்டும். அந்த பில்லைக் கட்டவா, மருந்து வாங்கவா என்கிற நிலை. 2000-ஆம் ஆண்டில் வழக்குப் போட்டார். இதை எங்களிடம் சொல்லாதே, தொலைத்தொடர்பு ஆணையத்திடம் போ என்று கோர்ட்டு அனுப்பிவிட்டது. 2003-இல் ஆணையத்திடம் மனு கொடுத்தார். ஆணையம் அசைந்தது 2013-இல். பத்து வருஷம்! அப்போதும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பேசும் அழைப்புக்கு மட்டுமே உச்சவரம்பு, அழைப்பின் வகையைப் பொறுத்து நிமிடத்துக்கு 21 சென்ட் அல்லது 25 சென்ட் என்று. 2015-இல் பாட்டி இறந்துபோனார். மாநிலத்துக்குள் பேசும் அழைப்புக்கும் ஆணையம் வரம்பு வைத்தபோது, உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசியில் சட்டமே போட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் மார்த்தா ரைட்டின் பெயரில்தான் இருக்கிறது. வீடியோ அழைப்பையும் ஆணையத்தின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது அதுதான். பேரன் முகத்தைத் திரையில் காட்டியிருந்தாலும் அந்தப் பாட்டியால் பார்த்திருக்க முடியாது. இதை ஏனோ என்னால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

வீடியோவுக்கு வருவோம். தூரத்தில் இருப்பவர்களுக்கு அது நல்ல வசதி, நான் மறுக்கவில்லை. ஆனால் வீடியோ வந்ததும் பல ஜெயில்களில் கைதியை நேரில் போய்ப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். ப்ரிசன் பாலிசி இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2015-இல் ஆய்வு செய்தபோது, வீடியோவைக் கொண்டுவந்த ஜெயில்களில் 74 சதவீதம் நேரில் சந்திப்பதைத் தடை செய்திருந்தன. நேரில் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்று செக்யூரஸ் ஒப்பந்தங்களிலேயே ஒரு ஷரத்து இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டில் அதைக் கைவிட்டார்கள். நேரில் பார்க்கும் வழியை அடைத்துவிட்டால் திரைக்குத்தானே காசு கட்டியாக வேண்டும்? இங்கேயும் பாருங்கள், கட்டுகிறவளை யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் விரலைக் காட்டுகிறார். அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் ஆணையம் புதிய வரம்பு வைத்தது: பெரிய ஜெயில்களில் போனுக்கு நிமிடத்துக்கு 6 சென்ட், வீடியோவுக்கு ஜெயிலின் அளவைப் பொறுத்து 11 முதல் 25 சென்ட். நிர்வாகத்துக்குப் பங்கு கொடுப்பதற்கும் தடை. சில பெரிய ஜெயில்களில் 15 நிமிடப் போன் அழைப்புக்கு 11 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. 2025 ஜூனில் அமலாக்கத்தைத் தள்ளிவைத்தார்கள், அக்டோபரில் வரம்பையே உயர்த்தினார்கள். கனெக்டிகட், கலிபோர்னியா, மின்னசோட்டா, மாசசூசெட்ஸ் மாநிலச் சிறைகளில் போன் அழைப்பு இலவசம். அந்தச் செலவை அரசே ஏற்கிறது. அது எப்படிச் சாத்தியமானது என்பதைத்தான் விரிவாகப் பேச நினைத்தேன். அழைத்தால் இன்னொரு நாள் வருகிறேன். வணக்கம்.