ஒரு கல், மூன்று மொழி, பல செங் ஹே

அவையோருக்கு வணக்கம்.

சீனக் கடலோடி செங் ஹே 1405 முதல் 1433 வரை ஏழு முறை கடல் கடந்தவர். அவர் போன ஊர்கள் பலவற்றில் இன்று அவருக்குக் கல்லறை, கோயில், பள்ளிவாசல், சிலை என்று ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் அவர் காலத்திலேயே, அவர் கையாலேயே வந்து சேர்ந்த நினைவுச் சின்னம் ஒன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. பிற்காலத்துச் சின்னங்களை எடைபோட இந்தக் கல்லைவிட நல்ல தராசு கிடையாது என்பது என் கட்சி. ஆகவே கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

1911இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது இது. எழுத்துப் பக்கம் கீழே பார்த்தபடி கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். போட்டவருக்குக் கல்லின் அருமை தெரியாது. ஆனாலும் வண்டிச் சக்கரங்கள் எழுத்தின்மேல் ஏறாமல் போனது அந்த அறியாமையால்தான். உயரம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டர், அகலம் 76, கனம் 13. உச்சியில் இரண்டு டிராகன்கள். எதிரே நின்றால் வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீனம். இடப்பக்கம் மேல் பாதியில் தமிழ். அதற்குக் கீழே பாரசீகம்.

மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரை, அதாவது இலங்கையின் தென்முனையில் திருமாலாக வணங்கப்பட்ட தெய்வத்தைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு 50, எண்ணெய் 2500 கட்டி (கட்டி என்பது சீன எடை), சந்தனக் கட்டை, பொன்முலாம் பூசிய மரத் தாமரைகள், பித்தளைத் தூபக்கால்கள். தமிழில் பொன்னின் அளவு கழஞ்சு, சீனத்தில் சியென். சியென் என்பது 3.7 கிராம் அளவில் வரும். கழஞ்சு 5 கிராமுக்குச் சற்று மேலே. எண் ஒன்று, எடை வேறு. தமிழ் வாசகத்தை நம்பிக் கணக்கெழுதிய கோயில் கணக்குப்பிள்ளை யாராவது இருந்திருந்தால், தராசில் வைத்ததும் அவருக்கு முகம் சுருங்கியிருக்கும்!

கல்லில் இருக்கும் நாள் 1409 பிப்ரவரி 15. அதைப் பார்த்துவிட்டு, அன்றுதான் கல் இலங்கையில் நடப்பட்டது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் கல்லைக் கொண்டுவந்த மூன்றாம் பயணம் கிளம்பியதே அந்த ஆண்டின் பிற்பகுதியில். கல்லைச் சீனாவின் நான்ஜிங்கில் வெட்டி, தேதி பொறித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்று கொள்வதே பொருந்தும். கல்வெட்டில் உள்ள நாள் வேறு, நாட்டிய நாள் வேறாக இருக்கலாம் என்பது கல்வெட்டு படிப்பவர்களுக்குப் பாலபாடம். நினைவுப் பலகை எழுதுபவர்கள் அதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றில் மிகவும் தேய்ந்தது பாரசீகம். தேய்மானம் எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி தண்டிப்பதில்லை. பாரசீக எழுத்தில் பே, தே, நூன் போன்றவை சொல்லின் நடுவே வரும்போது புள்ளிகளை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். கல்லில் முதலில் மறைவது அந்தச் சின்னப் புள்ளிகள். அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதே அரிது. இழக்கப் புள்ளி இல்லாததால் நமக்கு இழப்பும் குறைவு. இத்தகைய கல்லை மைப்படி எடுக்கும்போது, அதாவது எழுத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும்போது, கை நிதானம் வேண்டும். கல்லைத் தூரிகையும் தண்ணீரும் கொண்டு கழுவி, நனைத்த தாளை ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் பாதி காய்ந்த பிறகே மைப்பஞ்சால் ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் மை ஊறிப் பள்ளமும் கறுத்துவிடும். காய்ந்துபோனால் தாள் கல்லை விட்டு எழும்பி, எழுத்து இரட்டையாக விழும். தேய்ந்த இடத்தில் கல்லின் சொறி எழுத்துபோலத் தெரியும். அங்கே பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சரி, பிற்காலத்துக்கு வருவோம். நான்ஜிங் அருகே நியூஷோ குன்றில் உள்ள செங் ஹேயின் கல்லறை 1985இல் இஸ்லாமிய முறைப்படி புதுப்பிக்கப்பட்டது. உள்ளே உடல் இல்லை. ஏறிப் போக 28 படிகள், ஏழேழாக நான்கு அடுக்கு: ஏழு பயணம், இருபத்தெட்டு ஆண்டு. ஜாவாவின் செமாராங் நகரில் சாம் போ கோங் கோயிலில் ஊதுவத்தி ஏற்றி அவரைத் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள். அதே தீவில் சுரபாயாவில், சீன இந்தோனேசிய முஸ்லிம்கள் இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் அவர் பெயரில் பள்ளிவாசல் கட்டினார்கள். பகோடா போன்ற கூரை, சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணம். சீனாவின் யுன்னானில் ஹஜ் செய்த குடும்பத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் ஓரிடத்தில் தெய்வம், இன்னோரிடத்தில் முன்னோர். இதைக் குழப்பம் என்று நான் சொல்ல மாட்டேன். காலிக் கல் மூன்று பேரிடம் மூன்று விதமாகப் பேசியதே, அதன் தொடர்ச்சிதான் இது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. முதல் பயணத்தின் 600ஆம் ஆண்டான 2005இல் சீனா ஜூலை 11ஐக் கடல்சார் நாளாக அறிவித்தது. அப்போதிருந்து விழா மேடைகளில் அவர் 'அமைதித் தூதர்' மட்டுமே. ஆனால் அந்தக் கல்லைக் கொண்டுவந்த அதே மூன்றாம் பயணத்தில்தான் இலங்கையில் சண்டை மூண்டது. உள்நாட்டுப் படை கப்பல்களைத் தாக்கப் போயிருந்த வேளையில் செங் ஹே ஏறத்தாழ 2000 வீரர்களுடன் தலைநகரைப் பிடித்து, அழகக்கோன் மரபைச் சேர்ந்த ஆட்சியாளரைக் குடும்பத்தோடு சிறைசெய்து, 1411இல் சீனாவுக்குக் கொண்டுபோனதாகச் சீன ஏடுகளே சொல்கின்றன. பேரரசர் பிறகு அவரை விடுவித்தார். காணிக்கைக் கல்லும் கைதியும் ஒரே பயணக் கணக்கில் வருபவை. ஒன்றை எழுதி இன்னொன்றை விட்டால் அது நினைவேந்தல் ஆகாது, விளம்பரம்.

கப்பல் அளவும் அப்படித்தான். மிங் வம்சத்தின் அதிகாரபூர்வ ஏடான மிங் வரலாறு 44 சாங் நீளம், 18 சாங் அகலம் என்கிறது; சாங் என்பது சீன நீள அளவு. நீளம் 130 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீள மரக்கலம் அலைமேல் முதுகு வளைந்து, பலகைச் சந்து பிளந்து, நீர் கசியும். 1957இல் நான்ஜிங் கப்பல் தளத்தில் கிடைத்த 11.07 மீட்டர் சுக்கான் தண்டைச் சான்றாகக் காட்டுவார்கள். தண்டின் உயரம் கப்பலின் நீளத்தைச் சொல்லாது. நடுவில் ஒரு விகிதத்தை நாமே ஊகித்துப் போட வேண்டும். மாதிரிக் கப்பல் செய்பவர்கள் அந்த ஊகத்தைப் பலகையில் எழுதிவிட்டால் சண்டையே இல்லை. எழுதுவதுதான் அபூர்வம்.

பயண எண்ணிக்கையில்கூட ஏடு தடுமாறியது. மிங் வரலாற்றில் 1407இல் கிளம்பிய பயணம் விடுபட்டு, 1424இல் சுமத்ராவின் பலெம்பாங்குக்குப் போனது அந்த இடத்தை நிரப்பியிருந்தது. ஃபுஜியான் மாகாணம் சாங்லேயில், கடைசிப் பயணத்துக்கு முன் 1431இல் செங் ஹே கடல் தெய்வம் தியென்ஃபெய்க்கு நாட்டிய கல் 1930களில் வெளிச்சத்துக்கு வந்த பிறகே வரிசை நேரானது.

தேனாவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். 2500 கட்டி எண்ணெயும் எரிந்து முடிந்து எத்தனையோ காலம். கொழும்புக்குப் போனால் முதலில் கல்லின் இடப்பக்கம் கீழ்ப்பகுதியைப் பாருங்கள், தேய்ந்துபோன பாரசீக வரிகளை. பிறகு மெல்ல மேலே வந்து தமிழைப் படியுங்கள்.