மூன்று நாற்காலிகள் யாருக்கு?

(கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி மாணவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, மாணவியர் மன்றப் பொறுப்பாசிரியர் அவர்களே, சமூகநலத் துறையிலிருந்து வந்திருக்கும் அம்மா அவர்களே, மார்த்தாண்டம், குளச்சல், தக்கலை என்று நாலா பக்கமிருந்தும் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்த மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை அந்தக் காசில் அறிவிப்புப் பலகையைப் புதுப்பியுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

வளாகத்தில் நடக்கும் பாலியல் சீண்டலைப் பற்றி, புகார், குழு, பேருந்து என்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன்.

'ஊர் வாயை மூட உலைமூடி இல்லை' என்பார்கள். வளாகத்தில் சீண்டப்பட்ட பெண்ணிடம் முதலில் சொல்லப்படுவதும் அதுதான்: "விடு மக்ளே, ஊரு என்ன சொல்லும்?"

ஊர் பேசாததா! இதே மண்ணில் மேலாடை அணிந்து சந்தைக்கு வந்த, கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்களை மறித்து, துணியைக் கிழித்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் முடங்கினார்களா? இல்லை, மறுபடியும் உடுத்தினார்கள், மறுபடியும் வந்தார்கள். மேலாடை அணியும் உரிமைக்காக 1822இல் மூண்ட தோள்சீலைக் கலகம் அடங்கியும் வெடித்தும் 37 ஆண்டு நீடித்தது. நடுவில், 1829இல், தோள்சீலைக்கு அரசே தடை போட்டது. 1859 ஜூலை 26இல்தான், அன்று இந்த மண்ணை ஆண்ட திருவிதாங்கூர் மன்னரின் அனுமதிப் பிரகடனம் வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்கள் பாருங்கள்: மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதாம்! அந்தப் பாட்டிகளின் பேத்தியிடம் இன்றைக்கு விசாரணை அறையில் "என்ன டிரெஸ் போட்டிருந்தாய்?" என்று கேட்பவர் குழுவில் இருக்கவே தகுதியற்றவர்.

சரி, குழுவுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐ.சி.சி. எனப்படும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூத்த பேராசிரியை ஒருவர் தலைவர். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அலுவலர்கள், வெளியிலிருந்து ஒருவர். மாணவர் தொடர்பான வழக்கென்றால் மூன்று மாணவர்களும் உண்டு. அவர்கள் தேர்தலில் வர வேண்டும். துறைத்தலைவர் உறுப்பினராகவே கூடாது. நடப்பதென்ன? அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளையை நியமித்து விடுகிறார்கள். அது மே மாதம் படிப்பை முடித்துப் போனதும் நாற்காலி காலி. பலகையில் மட்டும் பெயர் மூன்று வருடம் தொங்கும். அந்தப் பலகையைத்தான் சொன்னேன்! ஜூலையில் வகுப்பு தொடங்கியதும் தேர்தல் வையுங்கள் என்பதே நம் கோரிக்கை.

புகார் எழுதும்போது தேதி, நேரம், இடம், அவன் சொன்ன வார்த்தை அப்படியே வேண்டும். "தவறாக நடந்தான்" என்று மட்டும் எழுதினால் விசாரணை அங்கேயே நொண்டும். வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எண்ணும் நேரமும் தெரியட்டும், மூலத்தை அழிக்காதீர்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். 7 நாளில் நகல் எதிராளிக்குப் போகும், 10 நாளில் அவர் பதில் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் உடலாலோ மனதாலோ முடியாத நிலையில் இருந்தால் உடன் படிப்பவரே கொடுக்கலாம். பையன்களும் திருநங்கையரும்கூடக் கொடுக்கலாம்.

சீனியர் அண்ணன்மார்களே, கேன்டீன் பின்னால் இருவரையும் நிறுத்தி "சாரி சொல்லு" என்று பஞ்சாயத்து பண்ணாதீர்கள். சமரசம் வேண்டும் என்று கேட்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்குத்தான். அதிலும் பணம் பேசக் கூடாது. குரூப்பில் பெயரைப் போடுவது அதைவிட மோசம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இருக்கிறது, பெயரையும் விவரத்தையும் வெளியிடத் தடை. மாணவ உறுப்பினர் முதல் நாளே படிக்க வேண்டிய பிரிவு அது.

பேருந்தைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மட்டும் போனில் பதிந்து கொள்ளுங்கள். ஜூலைத் தேர்தல் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. வகுப்பும் துறையும் எழுதிக் கையெழுத்திடுங்கள், பையன்கள் முதலில். நன்றி, வணக்கம்.