பழந்தின்னி என்றொரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ் உயிரியல் நூல்களில் 'பழந்தின்னி வௌவால்' என்று ஒரு சொல் வரும். பூச்சி பிடித்துத் தின்னும் வகையிலிருந்து பிரித்துச் சொல்ல வைத்த பெயர். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை பூச்சி தின்பவைதான். அவை ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டு, இருட்டில் வழி கண்டுகொள்ளும். பழந்தின்னிகளில் அநேகம் அப்படியல்ல. பெரிய கண்ணும் கூர்மையான மூக்கும்தான் அவற்றுக்குத் துணை.

மலாய்க்காரர்கள் பேச்சிலேயே இதைப் பிரித்துவிடுகிறார்கள். சின்னது கெலாவார். இறக்கை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வருகிற பெரியது கெலுவாங். ஜொகூரில் இருக்கும் குளுவாங் ஊருக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான் என்பார்கள். நம்மிடமும் சொல் இல்லாமல் இல்லை. துரிஞ்சில் என்று ஒரு வகைக்குத் தனிப்பெயரே அகராதியில் கிடக்கிறது. ஆனால் செந்தூலிலோ கிள்ளானிலோ யார் வாயிலும் அதை நான் கேட்டதில்லை, எல்லாமே வவ்வால்தான். பழைய சொல் வாவல். நற்றிணையில் நக்கண்ணையார் பாடிய வாவல் ஊர் மாமரத்தில் தொங்கித் தூங்குகிறது. கனவிலோ சோழர் தலைவன் அழிசியின் காட்டு நெல்லிக்கனியைச் சுவைக்கிறது. மாமரத்திலேயே குடியிருந்துகொண்டு நெல்லிக்கு ஏங்குவதைப் பாருங்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழந்தின்னி என்றதும் தோட்டக்காரர் மனதில் பழத்திருடன் என்று பதிந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்திலேயே பழத்தைவிடப் பூவை நாடும் வௌவால் ஒன்று நம் பத்துமலைக் குகையில் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதை இயோனிக்டெரிஸ் ஸ்பெலேயா என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. நீண்ட நாக்கு; அதன் நுனியில் தூரிகைபோல மெல்லிய இழைகள். தேனும் மகரந்தமும்தான் சாப்பாடு. முருகனைப் பார்க்க 272 படி ஏறுகிறோமே, அந்தப் படிக்கட்டிலிருந்து பக்கவாட்டில் பிரிகிற இருட்டுக் குகை அதற்கு வீடு.

டுரியான் பூ மாலையில்தான் விரியும். கிளையிலேயே கொத்துக் கொத்தாக, வெண்மஞ்சள் நிறத்தில், புளித்த பால் மாதிரி வாசனையோடு தொங்கும். பகலில் வரும் தேனீக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. இருட்டியதும் வௌவால் வந்து பூக்கொத்தைப் பற்றிக்கொண்டு முகத்தை உள்ளே விட்டு நக்கும். தலையிலும் மார்பு முடியிலும் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அதே கோலத்தில் அடுத்த மரத்துக்குப் போகும். டுரியானில் பல ரகங்கள் தன் மகரந்தத்தால் சரியாகக் காய்ப்பதில்லை. வேறு மரத்து மகரந்தம் வேண்டும். அதைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்த நக்கல்தான்.

விடிந்து பார்த்தால் மரத்தடியில் இதழும் மகரந்தத் தாளும் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். "வவ்வால் பூவையெல்லாம் நாசம் பண்ணிட்டுது" என்று திட்டுவார்கள். அது பூவின் இயல்பு. வேலை முடிந்ததும் நள்ளிரவுக்குப் பிறகு இதழும் தாளும் தாமாகவே உதிரும். சூலகம் மட்டும் கிளையில் நிற்கும். கீழே விழுந்ததைப் பொறுக்கிச் சமைப்பவர்களும் உண்டு. சம்பாலோடு நன்றாகவே இருக்கும் என்று சாப்பிட்டவர்கள் சொல்கிறார்கள்.

டுரியான் பூப்பது வருடத்தில் சில வாரம்தான். மற்ற நாளில் இந்த வௌவாலுக்குச் சோறு? பெத்தாய் பூ, வாழைப் பூ, அப்புறம் கடலோரச் சதுப்பில் நிற்கும் பெரெம்பாங் இன மரங்களின் பூ. பத்துமலை வௌவால்கள் இரை தேடி 38 கிலோமீட்டர் வரை போவதாக 1970-களில் நடந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. கோல சிலாங்கூரில் மின்மினி மொய்க்கிற மரமும் பெரெம்பாங்தான். கடலோரச் சதுப்பை அழித்தால் மலையோர டுரியானுக்கு அடி விழும் என்பது இங்கேதான் விளங்கும்.

பெரிய கெலுவாங்கும் இதில் சேர்த்திதான். தியோமான் தீவில் ஒருவகைக் கெலுவாங் டுரியான் பூவுக்கு வருவதையும் அதனால் மகரந்தம் சேர்வதையும் ஆய்வாளர்கள் கேமரா வைத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். பூவைச் சேதப்படுத்தாமலே தேன் குடித்தது என்பதுதான் அதில் முக்கியம்.

நிப்பா நோயை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். 1998, 1999-இல் பன்றிப் பண்ணைகளில் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரை வாங்கிய அந்தக் கிருமிக்கு கெலுவாங் வகைதான் இயற்கை இருப்பிடம். அதை மறைக்க வேண்டியதில்லை. வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள், வீட்டு விலங்குக்கும் போடாதீர்கள், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் எடுக்காதீர்கள். ஆனால் அதற்காகக் குகையில் புகை போடுவதும் தோட்டத்தில் சுடுவதும் எந்த நோயையும் தடுக்காது.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ரம்புத்தானுக்கோ லாங்சாட்டுக்கோ வலை கட்டுவதானால் பழம் பழுக்கும் நேரத்தில் மட்டும் கட்டுங்கள். வலைக்கண் சிறியதாக இருக்கட்டும், இழுத்துக் கட்டுங்கள், தொளதொளவென்று விட்டால் வௌவால் சிக்கிச் சாகும். டுரியான் பூத்திருக்கும் மாதத்தில் மரத்தை வலையால் மூடாதீர்கள். மூடினால் ராத்திரி ஏணி போட்டு, தலையில் விளக்கு மாட்டி, தூரிகையால் நீங்களேதான் பூப்பூவாக மகரந்தம் தடவ வேண்டியிருக்கும். பல தோட்டங்களில் ஏற்கெனவே கூலி கொடுத்து அதைத்தான் செய்கிறார்கள்.