கமண்டலம் எந்தப் பக்கம் சாய்ந்தது?

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

'குழந்தைகளுக்கு ஆற்றைச் சொல்லித்தர ஏற்றது அறிவியலும் புவியியலுமா, புராணக் கதையா?' என்பது தலைப்பு. நாங்கள் கதையின் பக்கம். எதிரணியில் எனக்கு முன் பேசியவர், "கதை சொன்னால் பிள்ளை அதையே உண்மை என்று நம்பிவிடுமே, நேராகப் பாடத்தைச் சொன்னால் என்ன?" என்று கேட்டார். நியாயமான கவலைதான். ஆனால் நேராகச் சொன்ன பாடத்தைப் பிள்ளை எழுதிக்கொள்ளும், மனப்பாடம் செய்யும், அதோடு சரி. பிள்ளையைக் கேள்வி கேட்க வைப்பது கதைதான்.

அகத்தியர் கமண்டலத்தில் அடைத்து வைத்திருந்த நீரை விநாயகர் காகமாக வந்து தட்டிவிட்டார், காவிரி ஓடத் தொடங்கியது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கமண்டலம் எந்தப் பக்கம் சாய்ந்தது? கேட்டுவிட்டு வரைபடத்தை விரித்து வையுங்கள். குடகு மலையில் தலைக்காவிரி. அதற்கு மேற்கே, பக்கத்திலேயே அரபிக்கடல். அதை விட்டுவிட்டு இந்த ஆறு கிழக்கே கிளம்பி, சுமார் 800 கிலோமீட்டர் ஓடி, வங்கக் கடலில் சேர்கிறது. பக்கத்தில் இருக்கிற கடலுக்கு ஏன் போகவில்லை? இப்போது பிள்ளையின் விரல் தானாக வரைபடத்தின் மேல் நகரும். மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே செங்குத்தாக இறங்குகிறது, கிழக்கே மெல்லச் சரிகிற பீடபூமியாக நீள்கிறது. முகட்டுக்குக் கிழக்கே விழுந்த மழை கிழக்கேதான் ஓடும். நீர்ப்பிரிமுகடு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். அந்தச் சொல் வருவதற்கு முன்பே அதற்கான கேள்வி பிள்ளைக்குள் வந்துவிட்டது, நடுவர் அவர்களே!

நைலுக்குப் போவோம். கணவனை இழந்த இசிஸ் தேவி அழுத கண்ணீரில் நைல் பெருகுகிறது என்றொரு பழங்கதை எகிப்தில் உண்டு. எகிப்திலோ மழையே அபூர்வம். அப்படியிருக்க, கடுங்கோடையில் அங்கே வெள்ளம் வந்தது. அப்போ யார் அழுதார்கள்? இதைத் தேடிப் போகிற பிள்ளை எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் போய் நிற்கும். அங்கே பெய்த பருவமழைதான் நீல நைல் வழியாக அந்த வெள்ளமாக வந்தது. 1970-இல் எகிப்தில் நைலின் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளத்தைத் தேக்கிவைத்து அளந்து விடுகிறார்கள் என்பதையும், வயலுக்கு வந்த வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது என்பதையும் அப்போது சொன்னால், பிள்ளை அக்கறையோடு கேட்கும்.

கங்கையும் இப்படித்தான். சிவன் சடையில் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார் என்பது கதை. பனியாறு நீரை உறைய வைத்துத் தாங்கி, வெயில் காலத்தில் உருக்கி விடுகிறது என்பது அறிவியல். முதலாவதைக் கேட்ட பிள்ளைக்கு இரண்டாவது சட்டென்று பிடிபடும்.

எதிரணியின் ஒரு வாதத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். 'ஆறு தெய்வம், எல்லா அழுக்கையும் தானே கழுவிக்கொள்ளும்' என்று நம்பி வளர்கிற பிள்ளை, கழிவை ஆற்றில் கொட்டத் தயங்காது என்றார்கள். உண்மை, ஆபத்தும்கூட. கழிவுநீர் கலந்த ஆற்றில் காலரா கிருமி இருக்கலாம், தெய்வத்தின் பெயரைச் சொன்னால் அது சாகாது. கதை எங்கே நிற்கிறது, சோதனைக்கூடம் எங்கே தொடங்குகிறது என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் அதே நம்பிக்கை வேறொரு நாட்டில் என்ன செய்தது என்றும் பாருங்கள். நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றைத் தங்கள் மூதாதை என்று அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் போராடினார்கள். 2017-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அந்த ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றது. ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேரை நியமிக்கவும் வழி செய்தது. ஆற்றை வெறும் கன அடிக் கணக்காக மட்டும் கற்றவர்கள் அந்தப் போராட்டத்தைத் தொடங்கியிருப்பார்களா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.