முந்திக்கொண்ட சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலச் சொற்களைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழிக்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே, "அவங்க ஆங்கிலத்தை உள்ளேயே விடமாட்டாங்களே, அதுக்குச் சட்டமே போட்டிருக்காங்களே" என்பார்கள். சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் பாரிஸ்காரர் வாரக் கடைசியை 'வீக்கெண்ட்' என்கிறார், வண்டி நிறுத்துமிடத்தை 'பார்க்கிங்' என்கிறார். அந்த நாட்டுச் சாலைகளில் நிற்கும் சிவப்புப் பலகையில் 'ஸ்டாப்' என்றுதான் எழுதியிருக்கிறது.

சரி, சில சொற்கள் மட்டும் எப்படி ஊன்றிக்கொண்டன? எனக்குத் தெரிந்த நல்ல கதை 1955-இல் நடந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை ஒரு புதிய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவர இருந்தது. 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை நேராகப் பெயர்த்தால் 'கணக்கிடும் கருவி' என்றாகிவிடும். அந்தப் பெயரில் பழைய கூட்டல் கழித்தல் இயந்திரங்கள் ஏற்கெனவே இருந்தன. புதியதற்கு வேறு பெயர் வேண்டும் என்று சொர்போன் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த ஜாக் பெரே என்ற பேராசிரியரைக் கேட்டார்கள். ஏப்ரல் 16 தேதியிட்ட அவருடைய பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. 'ஓர்தினாத்தேர்' என்று வைத்தால் எப்படி என்று தொடங்குகிறார். ஒழுங்காக அமைந்த சொல், லித்ரே அகராதியிலேயே இருக்கிறது, உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கும் அடைமொழி அது என்கிறார். அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த பகுதி அவர் தள்ளிவிட்ட சொற்கள். 'திஜெஸ்தேர்' என்று ஒன்றை யோசித்துவிட்டு, அது செரிமானத்தை நினைவூட்டுகிறது என்று ஒதுக்குகிறார். கடவுள் வாடை அதிகமாக இருந்தால் பெண்பாலாக்கி 'ஓர்தினாத்ரீஸ்' என்று வைக்கலாம் என்றும் ஒரு யோசனை சொல்கிறார்.

நிறுவனம் ஆண்பாலையே எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் அதைத் தன் சொந்தப் பெயராகவும் வைத்திருந்தது. அப்புறம் அது எல்லாருக்கும் பொதுச்சொல் ஆனது. ஸ்பெயின்காரர்களும் அதைப் பின்பற்றி 'ஓர்தெனதோர்' என்றார்கள். இதில் எந்த அரசாணையும் இல்லை, கவனித்தீர்களா? பொருளும் பெயரும் ஒன்றாகவே சந்தைக்கு வந்தன. பெயரைச் சொல்லி விற்க ஓர் ஆளும் இருந்தான். பின்னால் மென்பொருளுக்கு வந்த 'லோஜிசியேல்' என்பதும் முந்திக்கொண்ட சொல்தான். 'சாஃப்ட்வேர்' என்ற ஆங்கிலச் சொல் பொதுமக்கள் காதில் விழும் முன்பே அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. இன்று ஒரு பிரெஞ்சுச் சிறுவனிடம் இவை யாரோ உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய சொற்கள் என்று சொன்னால் நம்பமாட்டான்.

இப்போது தோற்ற கதைக்கு வருவோம். 2013 ஜனவரியில், டுவிட்டரில் எல்லாரும் 'ஹேஷ்டேக்' என்று சொல்லிப் பழகிய பிறகு, அரசிதழில் 'மோ-தியேஸ்' என்ற சொல் வந்தது. 'தியேஸ்' என்பது இசைக்குறிப்பில் சுருதியை அரைப்படி உயர்த்தும் அடையாளம். அதுவும் ஹேஷ்டேக் குறியும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வெவ்வேறு குறிகள். தாமதமாக வந்ததும் அல்லாமல் தவறான குறியோடு வந்தால் யார் மதிப்பார்கள்? அந்த ஹேஷ்டேக்கை வைத்தே அன்று கேலி செய்து தீர்த்தார்கள். 'மார்க்கெட்டிங்' என்பதற்கு 'மெர்கத்தீக்', 'புல்டோசர்' என்பதற்கு 'பூதேர்' என்று வந்தவையும் இதே வழியில் போனவைதான்.

இந்த அரசிதழ்ச் சொற்கள் எப்படி உருவாகின்றன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: துறைவாரியாக வல்லுநர் குழுக்கள் சொல்லைப் பரிந்துரைக்கும், மொழிக்குக் காவலாக இருக்கும் பிரெஞ்சு அகாதெமி ஒப்புதல் தரும், அரசிதழில் வெளியாகும், அரசு ஊழியர்கள் அதைத்தான் எழுத வேண்டும். அரசு ஊழியர்கள் மட்டும்தான். 1994-இல் பண்பாட்டு அமைச்சர் ஜாக் தூபோன் கொண்டுவந்த சட்டம் தனியாரையும் இதில் சேர்க்கப் பார்த்தது. அரசமைப்பு மன்றம் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தைக் காட்டி அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டது. எந்தச் சொல்லால் பேசுவது என்பது குடிமகனின் உரிமை என்றது. ஊர்க்காரர்கள் வேறு விதமாகப் பழிவாங்கினார்கள். 'தூ போன்' என்றால் 'எல்லாம் நல்லது' என்று பொருள் வருமல்லவா, அமைச்சரின் பெயரையே ஆங்கிலத்தில் பெயர்த்து 'மிஸ்டர் ஆல்குட்' ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தைப் பார்த்து முழுதாகச் சிரித்துவிடாதீர்கள். அதில் மிஞ்சிய பகுதி தொழிலாளர்களுக்கு உதவியது. வேலைக்குத் தேவையான ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மருத்துவக் கருவிகள் செய்யும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை ஆங்கிலத்திலேயே ஆவணங்களைக் கொடுத்துவந்தது. தொழிலாளர் தரப்பு வழக்குப் போட்டது. 2006-இல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5,80,000 யூரோ கட்டச் சொன்னது. ஏறக்குறைய அதே காலத்தில் எப்பினால் நகர மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு போய், சிலர் இறந்தார்கள். மென்பொருளை இயக்கியவர்களுக்கு அவர்கள் மொழியில் கையேடு இல்லை என்பதையும் விசாரணை அறிக்கை குறித்தது. ஹேஷ்டேக்குக்குப் பெயர் வைப்பதையும் இதையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து க்யூபெக். கனடாவில் இருக்கும் அந்த மாநிலத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆங்கிலம். அறுபதுகளில் மெக்கானிக் கடையில் பேச்செல்லாம் பிரெஞ்சு, ஆனால் வண்டியின் உறுப்புகள் மட்டும் 'பம்பர்', 'விண்ட்ஷீல்ட்', 'மஃப்ளர்'. 1961-இல் தொடங்கிய மொழி அலுவலகம் இந்த மாதிரித் தொழிற்சொற்களில்தான் பாடுபட்டது. 1977-இல் 101-ஆம் சட்டம் வந்தது. குடியேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்றானது. மாண்ட்ரியால் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சில் படிப்பது இதனால்தான். சாலைப் பலகையில் அங்கே 'ஆரே' என்று எழுதியிருக்கும், வாரக் கடைசி 'ஃபேன் த ஸ்மேன்'.

சொல் படைப்பதில் அவர்களுக்கு ஒரு குறும்பும் உண்டு. மின்னஞ்சலுக்கு 'கூரியேல்' வைத்தவர்கள், வேண்டாத மின்னஞ்சலுக்குக் குப்பைத்தொட்டியையும் அதையும் ஒட்டி 'பூரியேல்' என்றார்கள். விசைப்பலகையில் அரட்டை அடிப்பது 'கிளவர்தாஜ்'. சினிமாவின் முடிவை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பதற்கு 'திவுல்காஷே', அதாவது வெளியே சொல்லுவதும் கெடுப்பதும் சேர்ந்த சொல். இது அட்லாண்டிக்கைத் தாண்டி லாரூஸ் அகராதியின் 2020 பதிப்பில் இடம்பிடித்தது. 'கூரியேல்' 2003-இலேயே பிரான்சின் அரசிதழில் ஏறிவிட்டது. ஆனால் பாரிஸில் வாய்ப்பேச்சில் இன்னும் 'மேய்ல்'தான். க்யூபெக்கில் முந்திப் போன சொல் பிரான்சில் பிந்திப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை பிரெஞ்சுக்கே உரியது. எந்தச் சொல் உள்ளே வந்தாலும் ஆண்பாலா பெண்பாலா என்று முடிவுசெய்தாக வேண்டும். 'ஜாப்' பிரான்சில் ஆண்பால், க்யூபெக் பேச்சில் பெண்பால். 2020-இல் கோவிட் வந்தபோதும் இதே வம்புதான். பிரான்சில் மக்கள் வைரசை நினைத்து ஆண்பாலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மே மாதம் அகாதெமி எழுந்து, அது நோயின் பெயர், நோய் பெண்பால், ஆகவே 'லா கோவிட்' என்று தீர்ப்பு சொன்னது. அதற்குள் நாடே ஒரு முழு ஊரடங்கை ஆண்பாலில் 'ல கோவிட்' என்று சொல்லியே கழித்திருந்தது. க்யூபெக்கில் ஊடகங்கள் பெண்பாலை முன்னதாகவே பிடித்துக்கொண்டதால் அங்கே அது நிலைத்தது. அகராதிக்காரர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆண்பால் அல்லது பெண்பால் என்று அச்சடித்துவிட்டார்கள்.